திறனாய்வுத் தேர்வில் பாஸ் பண்ணியாச்சு... வகுப்பறையில் என்ன மாறுகிறது?

எட்டாம் வகுப்பு, கணக்குப் பாடவேளை. பலகையில் ஆசிரியர் எழுதிப்போட்ட ஐந்து கணக்குகளையும் ஒரு மாணவி பத்தே நிமிடத்தில் முடித்துவிடுகிறாள். பாடவேளை முடிய இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. “முடிச்சிட்டியா? சரி, பக்கத்துல இருக்கவங்களுக்குச் சொல்லிக் கொடு” என்கிறார் ஆசிரியர். மறுநாள் பலகையில் குறிப்பு எழுதிப்போடும் வேலை. அதற்கு அடுத்த நாள் மற்றவர்களின் நோட்டைத் திருத்தும் வேலை. அவள்தான் குரூப் லீடர், அவள்தான் கிளாஸ் லீடர். பெருமையாகத்தான் இருக்கும். ஆனால், அந்த மூன்று நாளில் அவள் புதிதாகக் கற்றுக்கொண்டது என்ன?

தமிழ்நாட்டில் படித்த யாருக்கும் இந்தக் காட்சி தெரியும். சிலர் அந்த மாணவியாகவே இருந்திருப்பார்கள். அவளுக்கு ஒருநாள் என்.எம்.எம்.எஸ். தேர்வு வருகிறது. பாஸ் செய்கிறாள். பள்ளி வாசலில் ஃபிளெக்ஸ், நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் குரூப் போட்டோ, வங்கிக் கணக்கில் பணம். ஜூன் மாதம் ஒன்பதாம் வகுப்பு தொடங்குகிறது. மறுபடியும் ஐந்து கணக்கு, பத்து நிமிடம், “முடிச்சிட்டியா?”

திறமையான மாணவர்களைக் கண்டுபிடிக்க நம்மிடம் தேர்வுகளுக்குப் பஞ்சமே இல்லை. கண்டுபிடித்த பிறகு அவர்களுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது என்பதில்தான் சிக்கல்.

என்னென்ன தேர்வுகள், எவ்வளவு பணம்?

மத்திய அரசின் என்.எம்.எம்.எஸ். திட்டத்தில் நாடு முழுவதும் ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்களுக்கு உதவித்தொகை. தமிழ்நாட்டின் பங்கு 6,695 பேர். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு படிப்பவர்கள் எழுதலாம். பெற்றோரின் ஆண்டு வருமானம் ரூ.3.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. மனத்திறன் தேர்வில் 90 கேள்விகள், படிப்புத்திறன் தேர்வில் 90 கேள்விகள். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை மாதம் ரூ.1,000. ஆண்டுக்கு ரூ.6,000 ஆக இருந்த தொகை 2017 ஏப்ரலில்தான் ரூ.12,000 ஆனது.

மாநில அரசின் ‘டிரஸ்ட்’ தேர்வு 1991-ல் வந்த அரசாணையில் தொடங்கியது. ஊரகப் பகுதிகளில் ஒன்பதாம் வகுப்பு படிப்பவர்களுக்கானது. மாவட்டத்துக்கு 50 மாணவர்கள், 50 மாணவிகள். உதவித்தொகை ஆண்டுக்கு ரூ.1,000. மாதத்துக்கு அல்ல, ஆண்டுக்கு. அதாவது மாதம் 83 ரூபாய் சொச்சம். இன்றைய விலையில் ஒரு மாத மொபைல் ரீசார்ஜுக்குக்கூடக் காணாது.

2022-ல் தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வு வந்தது: பிளஸ் 1 மாணவர்களில் 1,500 பேருக்கு இரண்டு ஆண்டுகள் மாதம் ரூ.1,500. 2023-ல் முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு: அரசுப் பள்ளி மாணவர்கள் 1,000 பேருக்கு இளநிலைப் பட்டம் முடிக்கும்வரை ஆண்டுக்கு ரூ.10,000.

என்.எம்.எம்.எஸ். ஒதுக்கீடு முழுக்க நிரம்பினால், நான்கு வகுப்புகளையும் சேர்த்து தமிழ்நாட்டுக்கு மட்டும் ஆண்டுக்கு சுமார் ரூ.32 கோடி வருகிறது. பல குடும்பங்களில் அந்தப் பணம்தான் பிள்ளையை ஒன்பதாம் வகுப்புக்கு அனுப்ப வைக்கிறது. திட்டத்தின் நோக்கமே எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிடக் கூடாது என்பதுதான். அந்த வேலையை அது செய்கிறது. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், அதைக் காட்டி “திறமையான மாணவர்களுக்கு நாங்கள் செய்துகொண்டுதானே இருக்கிறோம்” என்று சொல்வது வேறு விஷயம். உதவித்தொகை வாங்கும் மாணவிக்கென்று ஒரு கூடுதல் வகுப்போ, கூடுதல் புத்தகமோ, வழிகாட்டும் ஆசிரியரோ இந்தத் திட்டங்களில் எதிலும் கிடையாது.

தேசிய அளவில் நிலைமை இன்னும் மோசம். 1963-ல் டெல்லியில் தொடங்கி, அடுத்த ஆண்டே நாடு முழுக்கப் பரவிய என்.டி.எஸ்.இ. உதவித்தொகைக்கு 2021 மார்ச் 31 வரைதான் ஒப்புதல் இருந்தது. அதன் பிறகு அது நிறுத்திவைக்கப்பட்டது. 1999-ல் அடிப்படை அறிவியல் மாணவர்களுக்காகத் தொடங்கிய கே.வி.பி.ஒய். 2022-ல் தனித் திட்டமாக இருப்பதை நிறுத்திக்கொண்டது. தேசியக் கல்விக் கொள்கை 2020-ல் சிறப்புத் திறன் கொண்ட மாணவர்களுக்கென்று சில பத்திகளே உண்டு. மன்றங்கள், ஒலிம்பியாட், கோடைக்கால முகாம் என்றெல்லாம் பேசுகின்றன. கொள்கை வந்த அடுத்த இரண்டு ஆண்டுக்குள் ஏற்கெனவே இருந்த இரண்டு திட்டங்கள் காணாமல் போனதுதான் வேடிக்கை.

‘மெல்லக் கற்போர்’ உண்டு, வேகமாகக் கற்போர்?

நம் பள்ளிகளில் ‘மெல்லக் கற்கும் மாணவர்கள்’ என்பது தினசரிப் புழக்கத்தில் உள்ள சொல். அவர்களுக்குக் கையேடு உண்டு, குறைந்தபட்சக் கற்றல் மெட்டீரியல் உண்டு, மாலை வகுப்பு உண்டு. எண்ணும் எழுத்தும், திறன் என்று அரசுத் திட்டங்களும் அடிப்படை வாசிப்பையும் கணக்கையுமே குறிவைக்கின்றன. அதுதான் முதல் தேவை என்பதில் சந்தேகமில்லை. ஐந்தாம் வகுப்பில் தமிழ் வாசிக்கத் தெரியாத குழந்தை இருக்கும்போது அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

‘மீத்திறன் மாணவர்’ என்ற சொல் பி.எட். பாடப் புத்தகத்தில் இருக்கிறது. பயிற்சியில் படித்து, தேர்வில் பத்து மார்க் கேள்வியாக எழுதி, அதோடு மறந்துபோகிற சொல். பள்ளியில் அதன் ஒரே பொருள் ‘சென்டம் எடுக்கிற பிள்ளை’. புக் பேக் கேள்விகளைப் பிழையில்லாமல் ஒப்பிக்கிற மாணவனும், அந்தக் கேள்வியே ஏன் அப்படிக் கேட்கப்பட்டது என்று யோசிக்கிற மாணவனும் ஒரே பட்டியலில் வருவார்கள். பெரும்பாலும் இரண்டாமவன் பட்டியலிலேயே வரமாட்டான். “ஓவரா கேள்வி கேக்குறான்” என்று பேர் வாங்கியிருப்பான்.

தேர்வுகள் தவறவிடுவது இங்கே மட்டும் நடக்கிற கதையல்ல. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் லூயிஸ் டெர்மன் 1921-ல் ஐ.கியூ. தேர்வு வைத்து, கலிஃபோர்னியாவின் அதிபுத்திசாலிக் குழந்தைகளாகச் சுமார் 1,500 பேரைப் பொறுக்கி எடுத்தார். வாழ்நாள் முழுக்க அவர்கள் கண்காணிக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவருக்கும் நோபல் பரிசு கிடைக்கவில்லை. அதே தேர்வை எழுதி கட்-ஆஃப் எட்டாமல் வெளியே நின்ற இருவர் பின்னாளில் இயற்பியல் நோபல் வாங்கினார்கள்: 1956-ல் வில்லியம் ஷாக்லி, 1968-ல் லூயிஸ் ஆல்வரெஸ்.

ராமானுஜன் பெயரை இழுக்காமல் இந்தப் பேச்சு எந்த மேடையிலும் முடிவதில்லை. அவருக்கு யாரும் உதவவில்லை என்பதுபோலத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். அப்படியல்ல. கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் 1904-ல் கணிதத்துக்குப் பரிசு கொடுத்தார்கள். அரசுக் கல்லூரியில் உதவித்தொகையும் கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் தோற்றதும் அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். எல்லாப் பாடத்திலும் சராசரிக்கு மேலே இருந்தால்தான் ஒரு பாடத்தில் மேதையாக இருக்க அனுமதி என்பது அன்றைய விதி. 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் ரூ.75 ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தபோது, பட்டம் இல்லை என்ற காரணத்தைப் பெரிதுபடுத்தவில்லை. இரண்டுமே பணம்தான். இரண்டாவது பணத்தோடு நேரமும் சேர்ந்து வந்தது. இன்றும் என்.எம்.எம்.எஸ். எழுத ஏழாம் வகுப்பில் மொத்தமாக 55 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 5 சதவீதம் தளர்வு. கணக்கில் புலியாக இருந்து, எழுத்துக்கூட்டி வாசிப்பதில் தடுமாறும் டிஸ்லெக்சியா குழந்தை அந்த வாசலைத் தாண்டுவது கஷ்டம்.

மாதிரிப் பள்ளிகள் போதாதா?

தமிழ்நாடு பணத்தோடு நிற்கவில்லை என்பதற்கு ஒரு பதில் இருக்கிறது: மாதிரிப் பள்ளிகள். 2022 செப்டம்பர் 5 அன்று 15 மாதிரிப் பள்ளிகள் தொடங்கிவைக்கப்பட்டன. பிறகு 38 மாவட்டங்களுக்கும் விரிந்தன. அரசுப் பள்ளிகளிலிருந்து நன்றாகப் படிக்கும் மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, விடுதியில் தங்க வைத்து, ஒன்பதாம் வகுப்பிலிருந்து தயார்படுத்துகிறார்கள். ஐ.ஐ.டி., என்.ஐ.டி., தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் போன்ற பெயர்களையே கேள்விப்படாத வீடுகளிலிருந்து பிள்ளைகள் அங்கே போகிறார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-ல் வந்ததற்கு அடுத்து, இந்தப் பிள்ளைகளுக்கு நடந்த பெரிய விஷயம் இதுதான்.

ஆனாலும் இரண்டு நெருடல்கள். ஒன்று, ஊர்ப் பள்ளியின் முதல் இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டால், அந்த வகுப்பில் மிச்சமிருப்பவர்களுக்குப் போட்டிபோட யார்? அந்தப் பள்ளி ஆசிரியருக்கு ரிசல்ட் அன்று காட்ட என்ன இருக்கும்? நல்ல மாணவனை விட்டுக்கொடுக்க ஆசிரியர் தயங்கினால் அவரைக் கோபித்துக்கொள்ள முடியாது. இன்னொன்று, இலக்கு. நுழைவுத் தேர்வுதான் இலக்கு என்றால், திறமை என்பதற்கு ஜே.இ.இ., நீட் ரேங்க் என்றுதான் பொருள் வரும். ஒன்பதாம் வகுப்பில் அழகாகக் கதை எழுதும் பையனுக்கும், வரலாற்றில் மூழ்கிக் கிடக்கும் பெண்ணுக்கும் அங்கே இடம் இருக்கலாம், முதலிடம் இருக்காது. தனியார் பள்ளிகளின் ஆறாம் வகுப்பு ‘ஃபவுண்டேஷன் கோர்ஸ்’ செய்துகொண்டிருப்பதும் இதைத்தான், என்ன, அங்கே ஃபீஸ் உண்டு.

சிங்கப்பூர் ஏன் கைவிட்டது?

இந்த இடத்தில் சிங்கப்பூர் அனுபவம் கவனிக்கத்தக்கது. நம்மைவிட வெகு முன்பே, 1984-லேயே, அரசே நடத்தும் மீத்திறன் கல்வித் திட்டத்தை அங்கே தொடங்கிவிட்டார்கள். மூன்றாம் வகுப்பில், அதாவது ஒன்பது வயதில், இரண்டு கட்டத் தேர்வு. மேலே உள்ள ஒரு சதவீதக் குழந்தைகள் மட்டும் தேர்வாவார்கள். அந்தத் திட்டம் நடக்கும் ஒன்பது தொடக்கப் பள்ளிகளில் ஒன்றுக்கு அவர்கள் மாறிக்கொள்ள வேண்டும். பாடத்திட்டம் ஆழமாக இருந்தது, ஆசிரியர்களுக்குத் தனிப் பயிற்சி இருந்தது, தரத்தைப் பற்றி யாரும் பெரிதாகக் குறை சொல்லவில்லை.

சிக்கல் வேறு பக்கமிருந்து வந்தது. ஒன்பது வயதுத் தேர்வுக்கு ஏழு வயதிலேயே ட்யூஷன். ஒரு தேர்வு நாளில் காய்ச்சல் என்றால் கதவு மூடிவிடும். உள்ளே போன குழந்தைக்கு ஒரு முத்திரை, போகாத குழந்தைக்கு வேறொரு முத்திரை. கணக்கில் மட்டும் அபாரமாக இருக்கும் குழந்தைக்கு இடமில்லை.

2024 ஆகஸ்ட் 18 அன்று பிரதமர் லாரன்ஸ் வோங் தன் முதல் தேசிய தினப் பேருரையில், இந்தத் திட்டம் இப்போதைய வடிவில் தொடராது என்று அறிவித்தார். அந்த ஆண்டு முதல் வகுப்பில் இருந்த குழந்தைகளிலிருந்து புதிய முறை. எல்லாத் தொடக்கப் பள்ளிகளும் தங்கள் மாணவர்களுக்குத் தாங்களே நீட்டிப்புப் பாடம் நடத்த வேண்டும். யாருக்குக் கூடுதல் தீனி தேவையோ அவர்கள் தம் பள்ளியிலேயே இருந்துகொண்டு, வகுப்பு முடிந்த பிறகு அருகில் உள்ள ஒரு பள்ளியில் நடக்கும் சிறப்புப் பாடத்துக்குப் போய்வரலாம். இரண்டு கட்டத் தேர்வு ஒன்றாகக் குறைகிறது. ஆசிரியரின் கவனிப்பும் கணக்கில் சேர்கிறது. ஒரு சதவீதம் என்றிருந்ததை விரித்து, சுமார் 10 சதவீதக் குழந்தைகளுக்குப் பயன் சேர வேண்டும் என்பது இலக்கு. ட்யூஷன் சென்டர்கள் இதனால் கடையை மூடிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால், “இந்தக் குழந்தை மீத்திறன், அந்தக் குழந்தை இல்லை” என்ற கேள்வி போய், “இந்தக் குழந்தைக்கு இந்தப் பாடத்தில் இப்போது என்ன தேவை?” என்ற கேள்வி வருகிறது.

யாருடைய பிள்ளை?

தமிழ்நாட்டில் ‘திறமை’, ‘தகுதி’ என்று யாராவது ஆரம்பித்தால், “யாருடைய பிள்ளைகளுக்கு?” என்ற கேள்வி உடனே வரும். நியாயமான கேள்வி. தகுதி என்ற சொல்லை வைத்து வாசலை மூடிய வரலாறு இங்கே நீளமானது. அதற்கான பதில் திட்டத்தையே வேண்டாம் என்பதில் இல்லை, கண்டுபிடிக்கும் முறையில் இருக்கிறது.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பிரோவர்ட் கவுன்டி பள்ளிகளில், முன்பு பெற்றோரோ ஆசிரியரோ பெயர் சொன்னால்தான் மீத்திறன் சோதனைக்கு அனுப்புவார்கள். விவரமான பெற்றோர் பெயர் சொல்வார்கள். மற்றவர்கள் சொல்ல மாட்டார்கள். 2005-ல் இரண்டாம் வகுப்பில் உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு சோதனை என்று மாற்றினார்கள். கட்-ஆஃபைக் குறைக்காமலேயே, தேர்வான ஏழைக் குழந்தைகளின் விகிதம் இரண்டு மடங்குக்கும் மேலே போனது. அந்தப் பிள்ளைகள் எப்போதும் அங்கேதான் இருந்தார்கள், யாரும் பார்க்கவில்லை. பொருளாதார அறிஞர்கள் டேவிட் கார்டு, லாரா ஜூலியானோ இருவரின் ஆய்வு இது. நிதி நெருக்கடி வந்ததும் அந்தச் சோதனையை நிறுத்தினார்கள், விகிதமும் பழையபடி இறங்கியது.

அதே இருவரின் இன்னொரு ஆய்வு இன்னும் சுவாரசியம். மீத்திறன் வகுப்பில் காலியாக இருந்த இடங்களுக்கு ஐ.கியூ. கட்-ஆஃப் எட்டாத, ஆனால் பள்ளிப் பாடத்தில் நன்றாகச் செய்த குழந்தைகளைச் சேர்த்தார்கள். அதிகம் பலன் பெற்றது அவர்கள்தான், குறிப்பாகக் கறுப்பின, லத்தீன் குழந்தைகள்.

நம் ஊரில் என்.எம்.எம்.எஸ்.ஸுக்கு விண்ணப்பம் போட வேண்டும், வருமானச் சான்றிதழ் வாங்க வேண்டும், தலைமை ஆசிரியர் ஆர்வம் காட்ட வேண்டும். சில பள்ளிகளில் ஆண்டுதோறும் பத்துப் பேர் பாஸ் ஆவதும், பக்கத்துப் பள்ளியில் ஒருவர்கூட ஆகாததும் பிள்ளைகளின் மூளையைப் பொறுத்ததல்ல. மாலையில் உட்கார்ந்து பயிற்சி கொடுக்கும் ஓர் ஆசிரியர் அங்கே இருக்கிறார், இங்கே இல்லை.

இன்னொரு கோளாறு, அளவுகோல். எட்டாம் வகுப்புத் தாளில் 100 வாங்கியவருக்கு எவ்வளவு தெரியும் என்று அந்தத் தாளால் சொல்ல முடியாது, அதன் உயரம் அவ்வளவுதான். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி 1970-களின் தொடக்கத்தில் ஓர் எளிய வேலை செய்தார். 12, 13 வயதுப் பிள்ளைகளுக்குக் கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. தாளைக் கொடுத்தார். சென்டம் கூட்டத்துக்குள் ஒளிந்திருந்த வேறுபாடுகள் தெரிந்துவிட்டன. பத்தாம் வகுப்புத் தாளை எட்டாம் வகுப்பில் கொடுத்துப் பார்க்கப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

செஸ்ஸில் நடக்கிறது, கணக்கில் ஏன் இல்லை?

வயதைப் பார்க்காமல் திறமையைப் பார்த்து உட்கார வைக்கும் ஓர் இடம் தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. செஸ் போட்டி அரங்கம். அங்கே எட்டு வயதுப் பையன் நாற்பது வயதுக்காரர் எதிரே உட்காருவான். ரேட்டிங்தான் பேசும். பிரக்ஞானந்தா 2018-லும், குகேஷ் 2019-லும், இருவருமே 12 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார்கள். குகேஷ் 2024 டிசம்பரில் 18 வயதில் உலக சாம்பியன். ஆனால், அதற்காக அவர் நான்காம் வகுப்போடு வழக்கமான பள்ளிப் படிப்பை நிறுத்த வேண்டியிருந்தது. அப்படி ஒரு முடிவை எத்தனை வீடுகளால் எடுக்க முடியும்?

பள்ளியில் வயதுதான் எல்லாம். ‘டபுள் புரமோஷன்’ என்ற சொல் தாத்தா பாட்டி காலத்தோடு போய்விட்டது. முழு வகுப்பைத் தாண்டுவதில் சிக்கல்கள் உண்டுதான். ஆனால், எட்டாம் வகுப்பு மாணவி கணக்குப் பாடவேளைக்கு மட்டும் பத்தாம் வகுப்பில் போய் உட்காருவதற்கு டைம்டேபிளில் இரண்டு பாடவேளைகள் ஒத்துவந்தால் போதும்.

இதைத் தமிழ்நாடு யோசிக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. செயல்வழிக் கற்றல் நினைவிருக்கிறதா? 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-ல் மாநிலம் முழுக்க ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை வந்தது. வகுப்பறைச் சுவரில் ஏணிப்படி, தட்டு நிறைய அட்டைகள். ஒவ்வொரு குழந்தையும் தன் அட்டையை முடித்துவிட்டு அடுத்த படிக்கு ஏறலாம், பக்கத்துக் குழந்தைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நடைமுறையில் ஆயிரம் ஓட்டைகள் இருந்தன. பெற்றோருக்குப் புரியவில்லை, ஆசிரியருக்கு அட்டை அடுக்கவே நேரம் போதவில்லை. ஆனாலும் “முடிச்சிட்டியா? சும்மா உட்காரு” என்று சொல்லத் தேவையில்லாத ஓர் ஏற்பாடு அது. நான்காம் வகுப்போடு அந்த ஏணி நின்றுபோனது.

இங்கே என்ன செய்யலாம்?

புதிதாகக் கட்டடம் கட்ட வேண்டாம். அக்கம்பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் சனிக்கிழமையில் கூடிப் பேசுவதற்குக் குறுவள மையங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அதே இடத்தில் மாதம் இரண்டு சனிக்கிழமை, ஐந்தாறு பள்ளிகளிலிருந்து வேகமாகக் கற்கும் பிள்ளைகளை வரவழைக்கலாம். சிங்கப்பூரின் ‘பக்கத்துப் பள்ளி’ யோசனையும் கிட்டத்தட்ட இதுதான். அரசு நடுநிலைப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் வானவில் மன்றத்தின் சோதனைகளை இன்னும் ஒரு படி ஆழமாக அங்கே கொண்டுபோகலாம். கல்லூரி மாணவர்களையும், ஊரிலிருந்து போய் ஐ.டி.யில் வேலை பார்ப்பவர்களையும் வரச்சொல்லலாம். தனக்கு மட்டும்தான் இப்படிக் கேள்வி தோன்றுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு, அடுத்த ஊரில் அதே மாதிரி இன்னொருத்தி இருக்கிறாள் என்று தெரிவதே பாதி வேலை.

சிக்கல்கள் உண்டு. பெண் பிள்ளையைச் சனிக்கிழமை பக்கத்து ஊருக்குத் தனியாக அனுப்ப வீட்டில் யோசிப்பார்கள். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மதியச் சாப்பாடும் பஸ்ஸும் திட்டத்துக்குள்ளேயே இல்லாவிட்டால், நகரத்துப் பையன்கள் மட்டும் வந்து போகும் கிளப்பாக அது மாறிவிடும். ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் சமாளிக்கும் ஈராசிரியர் பள்ளியில், “மீத்திறன் மாணவருக்குத் தனிச் செயல்பாடு கொடுங்க” என்று சுற்றறிக்கை அனுப்புவது கிண்டல் செய்வதற்குச் சமம். அவருக்குத் தேவை ஒரு பெட்டி நிறைய புத்தகமும் புதிர்களும், கூப்பிட்டால் போனில் பேசுகிற ஒரு பாட ஆசிரியரும்.

யாரை அழைப்பது என்பதற்கும் புதுத் தேர்வு வேண்டாம். உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களில் மாணவர்கள் எழுதும் இணையத் தேர்வுகளின் விவரம் அரசிடம் இருக்கிறது. என்.எம்.எம்.எஸ். பட்டியல் இருக்கிறது. பாஸ் ஆனவர்கள் மட்டுமல்ல, கட்-ஆஃபுக்குப் பத்து மார்க் கீழே நின்றவர்களின் பட்டியலும் இருக்கிறது. ஆசிரியரிடம் ஒரு கேள்வி மட்டும் கூடுதலாகக் கேட்கலாம்: “உங்க வகுப்புல உங்களை ரொம்பக் கேள்வி கேட்டுத் தொந்தரவு பண்றது யாரு?”